எட்டி நிற்பதும் கிட்டப் போவதும்

நீண்ட பயணத்துக்குக் கேமரா தேடுகிறவர்கள் முதலில் எடையைத்தான் விசாரிக்கிறார்கள். பாடி எத்தனை கிராம், லென்ஸ் எத்தனை கிராம், இரண்டும் தோள்பையில் அடங்குமா, ரயிலில் மேல் பெர்த்துக்கு ஏறும்போது இடிக்குமா. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகிறவருக்குத் தோள்சுமை சீக்கிரமே பழகிவிடும். கடைசி நாள்வரை பழகாமல் உறுத்துவது இன்னொன்று. படம் எடுக்கிறவருக்கும் எடுக்கப்படுகிறவருக்கும் நடுவே கிடக்கும் தரை. லென்ஸ் வாங்கும்போது அந்தத் தரையைத்தான் நாம் அளந்து வாங்குகிறோம். கிராமில் கேட்கிற கேள்வியை அடியில் கேட்டுப் பார்த்தால் விஷயம் தெளிந்துவிடும்.

கணக்கு எளியது. ஃபுல் ஃபிரேம் என்று சொல்லப்படும் 36க்கு 24 மி.மீ. சென்சாரில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொள்வோம். ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் உச்சி முதல் பாதம்வரை படத்தில் விழ வேண்டுமானால் நாம் நிற்க வேண்டிய தூரம் சுமார் ஆறடி. 28 மி.மீ. என்றால் நாலரை அடி. 50 மி.மீ. என்றால் எட்டடி. 200 மி.மீ. லென்ஸுக்கு முப்பது அடிக்கு மேல் பின்னால் போயாக வேண்டும். ஆறடியில் நிற்பவர் பேசாமல் இருக்க முடியாது. பேசாமல் நின்றால் அதுவே ஒரு மரியாதைக் குறைவு. முப்பது அடியில் நிற்பவருக்குப் பேச்சே தேவையில்லை. எதிராளிக்கு அவர் அங்கே இருப்பதே தெரியாமல் போகலாம்.

எடையும் தூரமும் தனித்தனிச் சங்கதிகள் இல்லை என்பதைக் கண்ணாடியின் கணக்கு காட்டிக்கொடுக்கிறது. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் வாயின் விட்டம் கிடைக்கும். 200 மி.மீ. எஃப் 2.8 லென்ஸுக்கு அந்த வாய் 71 மி.மீ. இருந்தே தீர வேண்டும். அதனால்தான் அந்த வகை ஜூம்கள் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோவரை கனக்கின்றன. 35 மி.மீ. எஃப் 2 லென்ஸுக்கு 17.5 மி.மீ. வாய் போதும். மின்னணுச் சில்லுகளை ஆண்டுக்கு ஆண்டு சுருக்கலாம். கண்ணாடிக்குள் நுழையும் வெளிச்சத்தைச் சுருக்க முடியாது. ஆகவே, கிட்டே போகச் சம்மதிக்கிறவருக்குத்தான் பை சுருங்கும். தள்ளி நிற்க விரும்புகிறவர் அந்தத் தூரத்தைக் கண்ணாடியாகச் சுமந்து தீர வேண்டும்.

இந்த நியதிக்கு ஒரு கள்ளவழி உண்டு. சென்சாரைச் சிறிதாக்கினால், அதே கோணத்தைப் பார்க்கச் சின்ன லென்ஸே போதும். 17.3க்கு 13 மி.மீ. அளவுள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் சென்சாரில் 100 மி.மீ. லென்ஸ் 200இன் வேலையைச் செய்யும். ஒரு அங்குலச் சென்சார் என்றழைக்கப்படும் இன்னும் சிறிய வகையில், சட்டைப் பைக்குள் போகிற சோனி ஆர்எக்ஸ்100இன் ஏழாம் மாடல் 24 முதல் 200 மி.மீ. வரைக்குமான கோணங்களை 302 கிராமில் அடக்கிவிடுகிறது. விலை, வெளிச்சக் குறைவில் செலுத்தப்படுகிறது. விடியலுக்கு முன் படித்துறையிலும் விளக்கொளிப் பிரகாரத்திலும் படம் புள்ளி தட்டும். அதன் பக்கத்தில், 28 மி.மீ. கோணம் ஒன்றை மட்டுமே பார்க்கத் தெரிந்த ரிக்கோ ஜிஆர் 3ஐ வைத்துப் பாருங்கள். 257 கிராம், ஜூம் கிடையாது. இரண்டுக்கும் எடையில் 45 கிராம்தான் வித்தியாசம். எடை என்ற சாக்கு இங்கே எடுபடாது. எட்டி நிற்கப் போகிறோமா கிட்டப் போகப் போகிறோமா என்பதை மட்டும் முடிவு செய்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் பயணப் புகைப்படம் தொடங்கியதே தள்ளி நின்றுதான். கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் புறப்பட்டு, ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சை, மதுரை என்று சுற்றினார். பழைய சேலம் மாவட்டத்து ராயக்கோட்டையையும் எடுத்தார். கேமராவும் ரசாயனங்களும் மாட்டுவண்டிகளில் வந்தன. நெகட்டிவ், மெழுகு ஏற்றிய காகிதம். ஒவ்வொன்றும் ஓரடிக்கு மேல் நீளம், வெளிச்சம் பதிய நிமிடக்கணக்கில் நேரம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, 19 அடி நீள ஒரே படமாக அவர் ஒட்டிச் சேர்த்தது இன்றைக்கும் மலைக்க வைக்கிற வேலை. ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் ஆளே கிடையாது. அசைகிறவர்கள் பதியாத தொழில்நுட்பம். நின்றவர்களும் தூணுக்கு அளவுகோலாக நின்றவர்கள். கல்லுக்கு மட்டுமே பொறுமை இருந்த காலம் அது. 1859இல் ஆளுநர் ட்ரெவெல்யன், இது அரசுக்குக் கட்டுப்படியாகாத ஆடம்பரம் என்று முடிவுகட்டினார். வண்டிகள் நின்றன.

கேமரா சிறிதானபோது மனிதர்கள் உள்ளே வந்தார்கள். கூடவே ஒரு தொல்லையும் வந்தது. 1888இல் ஈஸ்ட்மன் விற்ற முதல் கோடக் நூறு படம் எடுக்கும் சின்னப் பெட்டி. யாரும் இயக்கலாம், எங்கும் எடுக்கலாம். புத்தகக் கட்டு போலவும் கைப்பை போலவும் வேடமிட்ட ‘துப்பறியும் கேமரா’க்களும் அந்தக் காலத்தில் கடைக்கு வந்தன. 1890 டிசம்பரில் அமெரிக்க வழக்கறிஞர்கள் வாரனும் பிராண்டைஸும் அந்தரங்க உரிமை பற்றி எழுதிய புகழ்பெற்ற சட்டக் கட்டுரை, நொடியில் எடுக்கும் படங்களையும் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. சின்னக் கேமரா அடக்கமானது என்ற பேச்சை இந்த இடத்தில் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும். ஆஸ்துமாக்காரரான ஆஸ்கார் பர்னாக், பெரிய பெட்டியைத் தூக்கி அலைய முடியாமல் சினிமாச் சுருளை வைத்துச் செய்து பார்த்த சிறு கேமரா 1925இல் லைக்கா என்று சந்தைக்கு வந்தது. அதை ஏந்தி உலகம் சுற்றிய புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரஸ்ஸான் 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தார். பளபளக்கும் உலோகத்தைக் கறுப்பு நாடாவால் மறைத்துக்கொள்வது அவர் வழக்கம். மறைவது அவருக்குக் கலை. அவர் 50 மி.மீ. லென்ஸையே பெரும்பாலும் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைந்தாலும் சில தப்படிகளுக்குள்தான் மறைந்தார்.

நம் வீட்டு ஆல்பங்களையும் தூரம்தான் வடிவமைத்திருக்கிறது. இந்தியாவிலேயே தயாராகி வீடு வீடாகப் புகுந்த ஆக்ஃபா கிளிக் 3, ஒரு 120 ஃபிலிம் சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கும். குவியத்தைத் திருகும் வசதி அதில் இல்லை. ரொம்பக் கிட்டே போனால் முகம் மங்கிவிடும். ஆகவே மாமா பின்னால் பின்னால் நகர்ந்து போனார், குடும்பம் வரிசையாக விறைத்து நின்றது. கோபி, பல்லடம், காங்கயம் என்று எந்த ஊர் ஆல்பத்தைப் புரட்டினாலும் அதே ஓட்டுத் திண்ணை, அதே வரிசை, காலடியில் அதே அகல வெற்றுத் தரை. ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1967இல் உற்பத்தியைத் தொடங்கியபிறகு ‘இந்து’ கறுப்பு வெள்ளைச் சுருள் கையெட்டும் விலைக்கு வந்தது. அப்போதும் அந்தத் தரை குறையவில்லை. அப்பத்தா சிரித்தாரா என்று எந்தப் படத்திலும் தெரியாது.

பங்குனி உத்திரம் நெருங்கும் நாட்களில் கொடுமுடிப் படித்துறைக்கு வந்து பார்த்தால் இந்தக் கணக்கெல்லாம் கண்முன் நடக்கும். வடக்கிலிருந்து தெற்காக இறங்கி வரும் காவிரி கிழக்கே திரும்புகிற இடம். மகுடேஸ்வரரும் வீரநாராயணப் பெருமாளும், வன்னி மரத்தடியில் பிரம்மாவும் ஒரே வளாகத்தில் இருக்கிற கோயில். கொங்கு ஊர்களிலிருந்து வேனிலும் டெம்போவிலும் கூட்டம் கூட்டமாக வந்து, ஆற்றில் முழுகி, தீர்த்தம் முகந்து, காவடி கட்டிப் பழனிக்கு நடக்கிறார்கள். அதே படியில் இன்னொரு பக்கம் திதி கொடுக்கிறவர்கள், பரிகாரம் செய்கிறவர்கள், ஈரச் சேலையோடு கரையேறும் பெண்கள். ஐம்பதடிக்குள் கொண்டாட்டமும் துக்கமும் கூச்சமும் தோளோடு தோள் இடிக்கின்றன. இவர்கள் எல்லோரையும் ஒரே மாதிரி படம் எடுத்துவிட முடியாது. ஆனால் நீண்ட ஜூமுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. மேல்படியில் நின்று வளையத்தைத் திருகினால் காவடிக்காரரும் மொட்டையடித்த மகனும் ஒரே சுலபத்தில் கிடைக்கிறார்கள்.

அங்கே ஓர் இளைஞர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார். படங்கள் மோசம் என்று சொல்ல மாட்டேன். தூர லென்ஸ் கூட்டத்தை நெருக்கி அடுக்கும். உதட்டில் நிற்கும் நீர்த்துளியைக்கூடப் பிடித்துவிடும். அவருக்குக் கீழே, தண்ணீரை ஒட்டிய படியில், ஒற்றை லென்ஸ் சின்னக் கேமராவோடு ஒரு பெண் குந்தியிருந்தார். எதிரே ஒரு பெரியம்மா குடத்தின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தார். நாலடி இருக்கும்.

“எந்தூரு அம்மிணி?”

“கோயமுத்தூருங்க ஆத்தா. ஒரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா?”

“எடுத்துக்க. இரு, முடிச்சை அவுத்துட்டுக் கட்டறேன். இது கோணையா உளுந்துருச்சு. முடிச்சு நல்லாத் தெரியோணும் பாரு, வழியில தண்ணி சிந்துனா எங்கூருக்காரங்க என்னையத்தான் பேசுவாங்க.”

கட்டினார். துணியை நாலாக மடித்து, ஈர விரலால் ஓரத்தை இழுத்துச் சமன் செய்து, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, பல்லால் ஒரு நுனியைப் பிடித்து இறுக்கினார். கேமரா அந்த முடிச்சுக்கு நேரே இறங்கியது. எதை எடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்தது எடுக்கப்பட்டவர். மேல்படியிலிருந்து பார்த்தால் அது பக்தி ததும்பும் ஒரு முகம். கீழ்ப்படியில் அது ஒரு பொறுப்பு. பழனிவரை தண்ணீர் சிந்தாமல் போய்ச் சேர வேண்டும், ஊர் பேசக்கூடாது. இந்தச் செய்தி எந்தக் குவியத் தூரத்திலும் இல்லை, பேச்சில்தான் இருந்தது. பேச்சு நடக்கும் தூரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது மட்டும்தான் லென்ஸ் செய்த உபகாரம்.

இதிலிருந்து தூர லென்ஸே தீண்டத்தகாதது என்று ஆகிவிடாது. மா. கிருஷ்ணன் நினைவுக்கு வருகிறார். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அந்தக் காட்டுயிர் எழுத்தாளர் கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பார். முதுமலை போன்ற காடுகளில் யானைகளைப் பல பத்தாண்டுகள் பார்த்துப் பதிந்தவர். ஒரு கம்பெனியின் பாடி, இன்னொன்றின் லென்ஸ் என்று தாமே கோத்துக் கட்டிய கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அவரைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்த தியடோர் பாஸ்கரன் தாராபுரத்தில் பிறந்தவர் என்பது கொங்குக்காரர்களுக்கு ஒரு சின்னப் பெருமை. குட்டியோடு நிற்கும் யானையிடம் ஆறடியில் போய் நிற்பது நெருக்கம் ஆகாது, அத்துமீறல். அங்கே எட்டி நிற்பதுதான் மரியாதை, அதற்காகச் சுமந்த ஒவ்வொரு கிலோவும் தகும். அப்படியானால் விதி இது: போக முடியாத இடத்துக்குத் தூர லென்ஸ். அக்கரை, பாறைமேல் உட்கார்ந்த மீன்கொத்தி, காட்டு விலங்கு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கேட்கத் தயங்குகிற மனிதருக்கு அது கூடாது.

கொங்குக்காரர் ஒருவர் இந்தத் தூரத்தை ஓர் இயந்திரச் சிக்கலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறார். 1893இல் கோவைக்குப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, பஸ்ஸும் மோட்டாரும் சவர பிளேடும் போக, கேமராவில் தூரத்தைச் சரிப்படுத்தும் கருவி ஒன்றையும் செய்தவர். போகிற இடமெல்லாம் கேமரா கொண்டுபோவார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். மன்னரின் ஊர்வலத்தில் ஒரு கோவைக்காரர் எவ்வளவு கிட்டே போயிருக்க முடியும்? தூரத்தைச் சரிசெய்யும் கருவி குவியத்தைத்தான் சரிசெய்யும். யார் எங்கே நிற்கலாம் என்பதை அதிகாரம் முன்பே அளந்து வைத்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் ஏ.கே. செட்டியாரின் பயணத்தை வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றுகிறது. தோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்த கோட்டையூர்க்காரர். கையில் தொழில் இருந்தது, கேமரா இருந்தது. 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது காந்தி பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் வந்ததாம். அதற்காக ஏறக்குறைய ஒரு லட்சம் மைல் அலைந்து, ஐம்பதாயிரம் அடி ஃபிலிம் சேர்த்தார். 1940இல் படம் வெளிவந்தது. சேர்த்ததில் பெரும்பகுதி மற்றவர்கள் முன்பே எடுத்தது. தண்டி யாத்திரையை அவர் மறுபடி நடத்த முடியாது. அப்போது அங்கே நின்றவர்களைத் தேடித்தான் போக வேண்டும். படம் எடுக்கத் தெரிந்த ஒருவர் உலகம் சுற்றியது பெரும்பாலும் பிறர் எடுத்ததைக் கேட்டு வாங்க. பயணத்துக்குப் பை கட்டுகிறவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. எல்லாவற்றையும் நாமே எடுக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் ஆயிரம் பேரால் நன்றாகவே எடுக்கப்பட்டிருக்கிறது. அதற்காக அகலக் கோண லென்ஸ் ஒன்றைத் தலைக்காவிரியிலிருந்து பூம்புகார்வரை சுமப்பானேன்? நாம் நிற்கும் இடத்திலிருந்து நமக்கு மட்டும் கிடைப்பதற்கு எது வேண்டுமோ அதுவே போதும்.

செல்போன் போதாதா என்று கேட்பார்கள். வெளிச்சத்தில் தாராளமாகப் போதும். ஆனால் நீண்ட பயணத்தில் அதுவே டிக்கெட், அதுவே வரைபடம், அதுவே டீக்கடைக்குக் காசு, வீட்டுக்குக் குரல். சாயங்காலம் பேட்டரி தீரும்போது எல்லாம் ஒன்றாகத் தீரும். இன்னொன்றும் உண்டு. போனைத் தூக்கினாலே ‘எதுல போடுவீங்க?’ என்ற கேள்வி எழுகிற காலம் இது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லிவிட்டது. கேமரா மட்டும் என்ன, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டியதுதான். சட்டைப் பையில் அடங்குகிறதே என்று உள்ளே கடத்துகிறவர் துப்பறியும் கேமராக் காலத்துக்கே திரும்புகிறார். சிறிய கேமராவின் பயன், எல்லோர் கண்ணிலும் படும்படி கழுத்தில் தொங்கவிட்டும் யாரையும் மிரட்டாமல் இருப்பதில்தான்.

காவிரிக் கரையோடு சில மாதம் போகிறவருக்கு நான் சொல்லும் பை இதுதான். 35 மி.மீ. அல்லது 28 மி.மீ. கோணத்தில் ஒற்றை லென்ஸ், அதுவும் கழற்ற முடியாதது. தை, மாசியில் கொடுமுடி, சிவகிரிப் பக்கம் மஞ்சள் வேகவைத்துக் காயப்போட்டு பாலீஷ் டிரம்மில் சுற்றும்போது தெருவே மஞ்சளாக மிதக்கும். திருப்பூரில் பஞ்சுத்தூசி. அந்தக் காற்றில் லென்ஸைக் கழற்றினால் சென்சாரில் ஏறும் தூசி, பிறகு வருகிற ஒவ்வொரு வானத்திலும் புள்ளியாக நிற்கும். மாற்று லென்ஸ் வேண்டும் என்பவர் அதை லாட்ஜ் அறையில் மாற்றிக்கொண்டு கிளம்பட்டும். அவருக்கு எண்பது மி.மீ.யை ஒட்டிய ஒரு சிறிய நிலைக் குவிய லென்ஸ், அக்கரைக்கு ஓரளவு உதவும். பேட்டரி இரண்டுக்குக் குறையாமல். சின்னக் கேமராக்களின் பேட்டரியும் சின்னது, ரிக்கோ போன்றவற்றில் இருநூறு படத்தில் தீரும். கார்டு இரண்டு, ஒன்று உடம்போடு, ஒன்று பையோடு. ஐப்பசி மழையில் மூடிய பைக்குள் கிடக்கும் லென்ஸில் பூஞ்சை சிலந்தி வலையாகப் படரும். சிலிக்கா ஜெல் பொட்டலமும் நாள்தவறாமல் வெளியே எடுத்துப் பயன்படுத்துவதும்தான் அதற்கு மருந்து.

கிட்டப் போனாலும் எல்லாம் கிடைத்துவிடாது. வெள்ளகோவில் பக்கத்துக் கன்னபுரத்தில் சித்திரையில் காங்கயம் மாட்டுச் சந்தை கூடும். தரகரும் வியாபாரியும் கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முப்பது அடியிலிருந்து எடுத்தால் இரண்டு பேர் கைகுலுக்குகிறார்கள், அவ்வளவுதான். ஆறடியில் நின்றால் துணிக்கடியில் விரல் அசைவதும், அசைவுக்குத் தக்கபடி விற்கிறவர் கண் மாட்டின் பக்கம் போய்த் திரும்புவதும் தெரியும். விலை மட்டும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை. கிட்ட நிற்பவருக்குத் தெரிகிற முக்கியமான விஷயமே, எது தன்னிடமிருந்து மறைக்கப்படுகிறது என்பதுதான்.

ஆகவே, காசைக் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. எந்தக் கேமராவாக இருந்தாலும் சரி, ஜூமைத் தொடாமல், உங்கள் ஊர் வாரச் சந்தைக்கு ஒரு காலை போய்வாருங்கள். தினம் கீரை வாங்குகிற அம்மாவிடம் ஆறடியில் நின்று, எடுத்துக்கட்டுங்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரிங்க என்று நகருங்கள். இதற்கே நாக்கு எழவில்லை என்றால் அதற்கு மருந்து எந்தக் கேமராக் கடையிலும் இல்லை. சொந்த ஊரிலேயே தெளியாத கூச்சத்தை மூடி மறைக்க 200 மி.மீ. வாங்கினால், குடகிலிருந்து கடல்வரை நடந்து திரும்பியபிறகும் கார்டு நிறைய இருக்கப்போவது முதுகுகளும், யார் என்றே தெரியாத பக்கவாட்டு முகங்களும்தான்.